டெயில்வீல் வகுப்பு எப்படி: பின்காற்றுப் பாடத்துக்காகவே போகலாம்

அமெரிக்காவில் பைலட் லைசென்ஸ் எடுத்திருக்கும் நம்மவர்களில் பெரும்பாலானோர் செஸ்னா 172-லோ பைப்பர் செரோக்கியிலோ கற்றவர்கள். இரண்டிலும் மூன்றாவது சக்கரம் மூக்குக்குக் கீழே இருக்கும். அதே சக்கரம் வாலுக்குக் கீழே போய்விட்டால் வானத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, தரையில்தான் எல்லாம் மாறிவிடும். அப்படிப்பட்ட டெயில்வீல் விமானத்தைத் தனியாக ஓட்ட லாக்புக்கில் ஓர் ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். அதற்கான வகுப்பை இந்தக் கோடையில் விஸ்கான்சினில் ஒரு சின்ன புல் ஓடுபாதையில் முடித்தேன். ஒரே விமானம், ஒரே ஆசிரியர், அவரும் விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த நாலரையில் பெரும்பங்கு ஒரே ஒரு விஷயத்துக்கு: பின்காற்றில், அதாவது வால் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது, இறங்கினால் என்ன ஆகும் என்பதை வாயால் சொல்லி விட்டுவிடாமல் நேரிலேயே செய்து காட்டினார்கள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், சட்டம் இதைக் கேட்பதே இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-வின் விதி 61.31 கேட்பது இவ்வளவுதான்: சாதாரணக் காற்றிலும் குறுக்குக்காற்றிலும் டேக்ஆஃப், லேண்டிங், வீல் லேண்டிங் (முன்சக்கரங்களில் மட்டும் முதலில் தொடுவது), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே போவது). குறைந்தது இத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்ற கணக்குகூடக் கிடையாது. பின்காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால் நிறைய இடங்களில் “பின்காற்றில் இறங்கக் கூடாது” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் காற்று திரும்பியது தெரியாமலே ஒருநாள் அதில் இறங்கப் போகிறவனுக்கு அந்த வரி மட்டும் போதாது. முதலில் அதை அடையாளம் காணத் தெரிய வேண்டும், கண்ட பிறகு காலும் கையும் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

விமானம் 1970-களின் சிடாப்ரியா 7ஈசிஏ. துணி போர்த்திய உடம்பு, 115 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பதில் நடுவில் ஒரு ஸ்டிக். மாணவர் முன்னால், ஆசிரியர் பின்னால். பழைய பைப்பர் ஜே-3 கப்பில் தனியாகப் பறக்கும்போது பின் சீட்டில் உட்கார வேண்டும், மூக்குக்கு மேலே எதுவும் தெரியாது. இதில் அந்தத் தொந்தரவு இல்லை, தரையில் நிற்கும்போதும் எதிரே ஓரளவு தெரிகிறது. விமானம் பார்க்கப் பழசாக இருந்தாலும் பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. இரண்டு டயரிலும் காற்று சமமாக இருந்தது, பிரேக் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடித்தது, ரட்டரையும் (கால் பெடலால் திருப்பும், வாலில் உள்ள செங்குத்துப் பலகை) வால்சக்கரத்தையும் இணைக்கும் ஸ்பிரிங்குகளில் தொய்வு இல்லை. டெயில்வீலில் இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் மற்றது எதுவும் சரியாக இருந்து பயனில்லை. ஒவ்வொரு முறை கிளம்புமுன்பும் அந்த ஸ்பிரிங்குகளை என்னையே குனிந்து கையால் இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

டெயில்வீலின் அடிப்படைச் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்குச்சக்கர விமானத்தில் அது பிரதான சக்கரங்களுக்கு முன்னால். அதனால் கொஞ்சம் கோணலாகத் தொட்டாலும் எடை முன்னே இழுத்துத் தானாக நேராக்கிவிடும். டெயில்வீலில் கோணலாகத் தொட்டால் பின்னால் இருக்கும் எடை முந்திக்கொண்டு வரப் பார்க்கும், கோணல் பெரிதாகும், சரியான நேரத்தில் பெடலில் பிடிக்காவிட்டால் விமானம் அரைச் சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். வெளிப்பக்க இறக்கை நுனி தரையில் உரசும், சக்கரக் கால் மடங்கலாம், ப்ரொப்பெல்லர் மண்ணைத் தட்டிவிட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி பறக்க முடியாது. உள்ளே இருப்பவருக்கு அடிபடுவது அரிது, ஆனால் விமானம் மாதக்கணக்கில் ஷெட்டை விட்டு வெளியே வராது.

சரி, இதில் பின்காற்று எங்கே வருகிறது? மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் நேரத்தில் காற்றோடு ஒப்பிட்டால் விமானத்தின் வேகம் சுமார் 45 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நாட் எதிர்காற்று இருந்தால் தரையில் அது 35. அதே 10 நாட் பின்னாலிருந்து வந்தால் 55. ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், தரையைத் தொட்ட பிறகு கரைத்தாக வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. செஸ்னா 172-ன் கையேடும் இதையேதான் தன் பாணியில் சொல்கிறது: எதிர்காற்று என்றால் ஒவ்வொரு 9 நாட்டுக்கும் தூரத்தில் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம், பின்காற்று என்றால் ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம் கூட்ட வேண்டும், அதுவும் 10 நாட் வரைக்கும்தான். கிடைக்கும் லாபத்தைவிட நஷ்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள்.

இது வரைக்கும் எனக்கு ஏற்கெனவே தெரியும். மூக்குச்சக்கர விமானத்திலும் இதே கணக்குதான், பாதை நீளமாக இருந்தால் சமாளித்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆசிரியர் இதற்கு அடுத்த கட்டத்துக்குப் போனார். விமானத்தைச் சுற்றவிடப் பார்க்கும் விசை தரைவேகத்தைப் பொறுத்தது, அதைத் தடுக்கும் ரட்டரின் பலமோ அதன்மேல் ஓடும் காற்றைப் பொறுத்தது. தரைவேகம் 20 நாட்டுக்குக் குறைந்துவிட்ட நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 நாட் எதிர்காற்று இருந்தால் ரட்டர் மேல் 30 நாட் காற்று ஓடும். 10 நாட் பின்காற்று என்றால் வெறும் 10. இங்கேயும் வர்க்கக் கணக்குதான், ஆக ரட்டரின் பலம் ஒன்பதில் ஒரு பங்கு. தரைவேகம் இன்னும் குறைந்து 10 நாட்டுக்கு வரும்போது ரட்டர் மேல் காற்றே இல்லை. அதற்கும் கீழே போனால் காற்று பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது, எல்லாம் தலைகீழாக வேலை செய்கிறது. அத்தோடு, பின்னால் இருக்கும் பெரிய செங்குத்து வால், காற்றைப் பார்த்து மூக்கைத் திருப்பவே எப்போதும் முயலும். எதிர்காற்றில் அது நம்மை நேராக வைத்திருக்கும். பின்காற்றில் அது நினைக்கும் ‘நேர்’ திசை நமக்கு நேர் எதிர். எடையும் திருப்பப் பார்க்கிறது, வாலும் திருப்பப் பார்க்கிறது, தடுக்க வேண்டிய ரட்டர் செத்துக்கிடக்கிறது.

இதைப் பலகையில் எழுதிக் காட்டியதோடு விட்டிருந்தால் நான் இந்த விமர்சனத்தையே எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாள் காற்று 12 நாட்டுக்கு மேல் அடித்தது, பாடத்துக்குச் சரியில்லை என்று பறக்கவில்லை. அதற்குப் பதில் எஞ்சினை அணைத்த நிலையிலேயே விமானத்தைத் தள்ளிக்கொண்டுபோய் வாலைக் காற்றின் பக்கம் திருப்பி நிறுத்தினோம். என்னை உள்ளே உட்காரவைத்து ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இறங்கிய பிறகு வாலைத் தரையில் அழுத்தி வைக்க நாம் வழக்கமாகச் செய்வது அதுதான். ஸ்டிக் கையில் துடித்தது, காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அப்புறம் அவர் உள்ளே ஏறிக்கொண்டு என்னை வால் பக்கம் நிற்கச் சொன்னார். அவர் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தபோது எலிவேட்டர், அதாவது வாலில் மேலும் கீழும் அசையும் கிடைப்பலகை, மேலே தூக்கிக்கொண்டது, அதன் அடியில் காற்று புகுந்தது, வால்சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங் லேசாக நிமிர்ந்தது. ஸ்டிக்கை முன்னால் தள்ளினார், எலிவேட்டர் கீழே இறங்கியது, காற்று மேலிருந்து அழுத்த ஸ்பிரிங் அமுங்கியது. வாலை அமுக்க நினைத்துச் செய்யும் அதே செயல் வாலைத் தூக்குகிறது என்பதை ஒரு விரல்கடை தூரத்திலிருந்து பார்த்தேன். இந்த நிலையில் பிரேக்கையும் ஓங்கி மிதித்தால் விமானம் மூக்கில் குத்தி நிற்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பறக்காத அந்த அரை மணி நேரத்துக்கு அவர் காசும் வாங்கவில்லை.

நிஜமாக இறங்கிப் பார்த்தது வேறொரு நாள் சாயங்காலம், காற்று அடங்கி நாலைந்து நாட் மட்டும் இருந்தபோது. அதற்கு மேல் இருந்தால் இந்தப் பாடத்தை எடுப்பதில்லை என்று கறாராக இருக்கிறார், அது எனக்குப் பிடித்தது. வேகமானியைப் பார்க்காமல் வெளியே பார்த்தால் தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது. கண் ‘வேகம் அதிகம்’ என்கிறது, கை தானாக ஸ்டிக்கை இழுக்கத் தொடங்குகிறது. அப்படியே இழுத்துக்கொண்டு போனால் தரைக்கு மேலேயே ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்துவிடும். அவர் பின்னாலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னது, “முள்ளைப் பார், புல்லைப் பார்க்காதே”. அடுத்தது உயரம். காற்று முன்னே தள்ளிக்கொண்டே போவதால் இறங்கும் கோணம் தட்டையாகிவிடுகிறது, பாதையின் முனைக்கு மேல் வரும்போது இன்னும் உயரமாகவே இருக்கிறோம். 7ஈசிஏ-வில் ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் மடிப்பு) கிடையாது, பக்கவாட்டில் சறுக்கித்தான் உயரத்தைக் கரைக்க வேண்டும். தொட்ட பிறகு முதல் சில நொடிகள் எல்லாம் வழக்கம்போலத்தான், அதுதான் ஏமாற்று. வேகம் குறையக் குறைய பெடல் இளகிக்கொண்டே வருகிறது, வலது காலை அழுத்தினால் பதில் தாமதமாக வருகிறது, இன்னும் கொஞ்சம் குறைந்தால் பதிலே இல்லை, மூக்கு இடப்பக்கம் நகரத் தொடங்குகிறது. அங்கே வலது பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு, உடனே விடுவிப்பு. நாலைந்து நாட் பின்காற்றுக்கே இப்படி. விமானம் முழுதாக நிற்கும் வரை கால்கள் ஓயவே கூடாது.

பிரேக் பெரிதாக மிதித்தால் என்ன ஆகும் என்றும் விளக்கினார். வால்சக்கரம் ஓரளவு கோணம் வரைக்கும்தான் பெடலுக்குக் கட்டுப்படும், அதைத் தாண்டினால் பூட்டு விலகி எந்தப் பக்கமும் சுழல ஆரம்பித்துவிடும். அப்புறம் கையில் மிச்சம் இருப்பது பிரேக் ஒன்றுதான். எஞ்சினைக் கொஞ்சம் திறந்துவிட்டால் ப்ரொப்பெல்லர் காற்று ரட்டர் மேல் பாய்ந்து அதை உயிர்ப்பிக்கும், அது உண்மை. ஆனால் அது வேகத்தையும் கூட்டும், ஏற்கெனவே பாதை வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கும். பாதையின் முடிவில் டாக்ஸிவேக்கு, அதாவது ஓடுபாதையை விட்டு வெளியேறும் வழிக்கு, திரும்பும் இடமும் ஆபத்தானது, நிறைய பேர் அங்கேதான் ‘இறங்கியாச்சு’ என்று காலைத் தளர்த்துவார்களாம்.

வீல் லேண்டிங்கா, மூன்று சக்கரமும் சேர்த்தா என்பது டெயில்வீல்காரர்களுக்குள் தீராத சண்டை. பின்காற்றில் மட்டும் இவர் கட்சி மாறுவதே இல்லை: மூன்றும் சேர்த்துத்தான். வீல் லேண்டிங்கில் முன்சக்கரங்கள் மட்டும் தொட்டு, வால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருக்கும். அந்த இடைவெளியில் ரட்டருக்கும் பலம் குறைந்து, வால்சக்கரமும் தரையைத் தொடாமல் இருந்தால் திசைக்கு யார் பொறுப்பு? எனக்கு இந்த வாதம் சரியாகவே படுகிறது.

பின்காற்றில் யார் போய் இறங்குவார்கள் என்று தோன்றலாம். நிறைய பேர் இறங்குகிறார்கள், தெரிந்தேதான். எஞ்சின் இல்லாத கிளைடர்களை வானுக்கு இழுத்துச் செல்லும் விமானிகள் அடுத்த கிளைடரிடம் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று எதிர்த்திசையில் இறங்குவார்கள். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் ஒரு பக்கம் ஏறி அதே பக்கத்திலிருந்து வந்து இறங்கி மருந்து ஏற்றும் லாரி அருகே நிற்கும். ஏர் டிராக்டர் போன்ற அந்த விமானங்களும் டெயில்வீல்தான். எங்கள் ஆசிரியர் பல ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவர், அதனால்தான் இந்தப் பாடம் அவருக்கு இவ்வளவு துல்லியமாக வருகிறது என்று நினைக்கிறேன். அப்புறம் மலைப்பாதைகள். ஐடஹோவில் ஜான்சன் க்ரீக் என்று ஒரு புல் ஓடுபாதை, 4,933 அடி உயரத்தில், 3,400 அடி நீளம். தெற்கு நோக்கி, அதாவது பள்ளத்தாக்கின் மேல்முகமாக இறங்கி, வடக்கு நோக்கிக் கிளம்புவது அங்கே வழக்கம். காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் கீழ்நோக்கி வழியும், அது எதிர்காற்று. வெயில் ஏறிய பிறகு காற்று திரும்பி மேல்நோக்கி அடிக்கும், அதே இறக்கம் இப்போது பின்காற்றில். போதாததற்கு அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானி 45 காட்டும்போது நிஜ வேகம் 48, 49 இருக்கும். மலைப்பாதைகளில் காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள் என்று சொல்வதன் காரணம் இப்போது முழுதாக விளங்குகிறது.

தெரியாமல் இறங்குகிறவர்களும் உண்டு. என் நண்பர் வேறொரு பள்ளியில், நீளமான தார்ப்பாதையில், காற்றைப் பார்த்தபடியே இறங்கி இறங்கிப் பழகி இதே கையெழுத்தை வாங்கியவர். புல் பாதை ஒன்றில் முன்னால் போன விமானம் இறங்கிய திசையிலேயே அவரும் இறங்கினார். இடைப்பட்ட நேரத்தில் காற்று திரும்பிவிட்டது. அழகாகத்தான் தொட்டாராம், கடைசியில், கிட்டத்தட்ட ஓடும் வேகத்தில், சுற்றிவிட்டது. ஒரு சக்கரக் காலும் இறக்கை நுனியும் போயின, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு யாரும் அந்தக் கடைசிச் சில நொடிகளைக் காட்டியிருக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பின்காற்று சின்ன விமானங்களின் பிரச்சினை மட்டும் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில், பின்காற்றில், பாதையின் நுனியிலிருந்து 4,438 அடி தள்ளித் தொட்டு, மேட்டு ஓடுபாதையின் முனையைத் தாண்டி விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். அங்கே தூரம்தான் கதை. டெயில்வீலில் தூரம் மிச்சம் இருந்தும் திசை கைவிட்டுப் போகலாம்.

அடையாளம் காண்பதற்கு அவர் சொல்லிக்கொடுத்த வழி எளிது. பேஸ் லெக்கிலிருந்து (பாதைக்குக் குறுக்கே பறக்கும் கட்டம்) ஃபைனலுக்கு (பாதையை நேராகப் பார்த்து இறங்கும் கடைசிக் கட்டம்) திரும்பியதும் ஜிபிஎஸ் காட்டும் தரைவேகத்தையும் வேகமானியையும் ஒருமுறை ஒப்பிடு. தரைவேகம் கூடுதலாக இருந்தால் பின்காற்று, காற்றின் திசை காட்ட ஓடுபாதையோரம் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை என்ன சொன்னாலும் சரி. உடனே எஞ்சினைத் திறந்து மேலே போய் மறுமுனையிலிருந்து வா. தாழ்வாக வந்த பிறகு முடிவெடுத்தால், பின்காற்றில் ஏறும் கோணமும் தட்டையாகிவிடும் என்பதால் பாதை முடிவில் நிற்கும் மரங்கள் வேகமாக நெருங்கும். தரையைத் தொட்டுத் திரும்ப ஆரம்பித்த பிறகு எஞ்சினைத் திறப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்றார்.

இனி குறைகள். விமானமும் ஆசிரியரும் சேர்த்து மணிக்கு 250 டாலருக்குச் சற்று மேல் ஆகிறது, செஸ்னாவைவிட அதிகம். காகிதத்தில் கொடுக்கும் குறிப்புகள் மகா மோசம், பழைய ஜெராக்ஸின் ஜெராக்ஸ், படங்களில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் நாலு பக்கம் புதிதாக எழுதி வைக்கக் கூடாதா? இன்டர்காமில் இரைச்சல், பின் சீட்டிலிருந்து வரும் பாதிச் சொற்கள் கேட்பதில்லை. இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாததால் கையெழுத்து வாங்கிய பிறகும் அந்த விமானத்தைத் தனியாக எடுக்க முடியாது, கற்றதைப் பழக வேறு இடம் தேட வேண்டும். இது இங்கே மட்டும் இல்லை, டெயில்வீல் வாடகைக்குக் கிடைப்பதே எங்கும் கஷ்டம்தான். செஸ்னா 170 என்ற டெயில்வீல் விமானத்தின் மூக்கில் சக்கரம் வைத்து 1956-ல் செஸ்னா 172 வந்ததிலிருந்து பயிற்சிப் பள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தியாவில்கூட 1958-ல் முதன்முதலில் பறந்த ஹெச்ஏஎல் புஷ்பக், ஃபிளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்த டெயில்வீல் விமானம், இன்று பழைய ஆட்கள் பேச்சில்தான் வருகிறது.

அரைப் புள்ளி குறைத்தது இவை எதற்காகவும் இல்லை. பின்காற்றுப் பாடம் அவர்கள் பாடத்திட்டத்தில் எழுத்தில் இல்லை. காற்று வாகாக அமைந்தால், நேரம் இருந்தால், மாணவர் கேட்டால் எடுக்கிறார்கள். எனக்கு முன்னால் முடித்த ஒருவருக்கு அது கிடைக்கவே இல்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அதனால் போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே இந்தப் பாடம் வேண்டும் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், அதற்காக ஒரு சாயங்காலம் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். பனிக்காலத்தில் புல் பாதையில் வகுப்பு கிடையாது. இடம் எங்கே என்று வேண்டுபவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.